தோம்பரும் தெற்கெல்லையும்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவே அவருக்குப் பெருமையாகிவிடும். தன் பெயரை அச்சில் பார்ப்பதற்காகப் பெற்ற மகளின் கலியாணத்தைக்கூட ஒரு மாதம் தள்ளிவைத்திருக்கக்கூடிய மனிதர். நாங்கள் தோம்பர் என்போம், முகத்துக்கு முன்னால் ஐயா. பறங்கியர் காலத்தில் காணிபூமிகளை எழுதிவைத்த பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். அப்படியொன்று அவர் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் இருபது வருஷமாக யாழ்ப்பாணத்தில் கல்விமானாக உலாவினார்.

கையில் இருந்தது என்றுதான் சொல்ல முடியும். அது அவருடையதல்ல, நான் பிறந்த ஊர்க் கோயிலின் சொத்து. நான் வாழ்க்கைப்பட்டது குருநகரில் என்றாலும் பிறந்தது கடலேரிக் கரையில் ஒரு சின்ன வேதக்கார ஊர், எல்லாரும் கத்தோலிக்கர். அந்தக் கோயிலில் வெகுகாலத்துக்கு முன் இருந்த ஒரு சுவாமியார், கோயிற் காணிகளைப் பற்றிய பழைய தோம்பைத் தமிழில் பெயர்த்துத் தன் கைப்பட ஒரு தடித்த கொப்பியில் எழுதிவைத்திருந்தார். மூலம் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. காணியின் பெயர், கொடுத்தவர், கொடுத்த காரணம், நான்கு எல்லைகள், அதில் குடியிருந்தவர்கள், அதில் வேலை செய்தவர்கள் எல்லாம் அதில் இருந்தன. அயலூர் வேதக்காரரும் அரசாங்கக் கச்சேரியில் காணிப் பகுதியில் கிளார்க்காக இருந்து இளைப்பாறியவருமான தோம்பர், ஒருக்கால் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று எப்போதோ ஒரு பாதரிடம் அதை வாங்கினார். பாதர்மார் மாறினார்கள், கொப்பி திரும்பி வரவில்லை. புதிதாக வருகிற ஒவ்வொரு பாதரும் கேட்பார். அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இவர் சொல்லுவார். அந்த அட்டவணையைச் சாகும்வரை போட்டார்.

நான் பெரியகடைக்குப் பின்னால் உள்ள ஓர் அச்சகத்தில் ரைப் அடிக்கிறேன். கலியாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், காணி உறுதி, ஊர் வரலாற்றுப் புத்தகங்கள். இந்தக் கடைசி வகை, வெளிநாட்டில் இருக்கிற சனம் ஊருக்குத் திரும்பி வந்து போகத் தொடங்கிய பிறகு தொற்றிய வருத்தம். எங்கடை ஊருக்கும் ஒரு வரலாறு வேணும் என்று ஒவ்வொரு ஊரும் கேட்டது. தோம்பரை விட்டால் ஆள் யார்? மாதத்தில் பத்து நாள் எங்கள் அச்சகத்திலேதான் கிடப்பார். என் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ரூலைப் போட்டு, காதில் பென்சிலைச் செருகி, எனக்கு வந்த தேத்தண்ணீரைத் தனக்கென்று எடுத்துக் குடித்துக்கொண்டு, அவர் வாசிக்க நான் அடிப்பேன். தலைமயிருக்குச் சாயம். வேர்த்தால் அது காதோரம் கறுப்பாக வழியும். நான் ஒருநாளும் சொன்னதில்லை. வழியட்டுமே!

“பதிவு பொய் சொல்லாது, பிள்ளை” என்பது அவருடைய வேதவாக்கு. உண்மை, பதிவு பொய் சொல்லாது. அந்த வேலையை இவர் பார்த்துக்கொண்டார்.

இவருடைய வித்தையை நான் கண்டுபிடிக்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. தோம்பர் கொப்பியில் இல்லாத ஆளையோ காணியையோ எழுதமாட்டார். அந்தளவு நேர்மை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கிற ஆளின் முகத்தைப் பார்ப்பார், அவருக்குப் பிடிக்காத பகுதியை வாசிக்காமல் விடுவார். அவ்வளவுதான். ஒருமுறை கனடாக்காரக் குடும்பம் ஒன்று வந்தது. அவர்களுடைய பூட்டனுக்குப் பூட்டன் கோயிலுக்குப் பனங்காணி கொடுத்தவர் என்று கொப்பியில் இருக்கிறது. இருக்கிறதுதான். அயலவனின் சினைப்பசுவைக் களவெடுத்து அகப்பட்டு, பாவப்பொறுத்தலுக்காகக் கொடுத்தவர் என்றும் இருக்கிறது. தோம்பர் என்னிடம் அந்த முழு வரியையும் சிரித்துச் சிரித்து வாசித்துக் காட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “மனமுவந்து அளித்த வள்ளல் எண்டு அடியும்” என்றார். மாட்டுக் கள்ளனுக்கு இப்போது கோயில் முகப்பில் கறுப்புக் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது. பெருநாளுக்குப் பெருநாள் மாலை போடுகிறார்கள்.

சைவக்காரரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அங்கே கொப்பியும் இல்லை, அந்த நேர்மையும் இல்லை. மருதனார்மடத்துக்கு உள்ளே ஓர் ஊரிலிருந்து நாலு பெரியவர்கள் வந்தார்கள், தங்களுடைய கோயிலின் பழைமையை எழுதவேண்டுமாம். தோம்பர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “எத்தினை வருஷமெண்டால் உங்களுக்குத் திருப்தியா இருக்கும்?” என்று கேட்டார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். அவர்கள் ஆளையாள் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர்க் கோயிலுக்கு எத்தனை வருஷம் போட்டது என்று விசாரித்தார்கள். கண்டறியாத வரலாறு! புடைவைக் கடையில் முழம் அளக்கிறவன்கூடக் கொஞ்சம் வெட்கப்பட்டு அளப்பான்.

வெளியீட்டு விழாக்களில் அவர் தவறாமல் சொல்லுகிற கதை ஒன்று உண்டு. சண்டைக்கால இடப்பெயர்வின்போது சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்ததே, அந்த நடையில் தான் இந்தக் கொப்பியைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டி, மழையில் நனையாமல் போட்டிருந்த சேட்டைக் கழற்றி மூடிச் சாவகச்சேரிவரை உருட்டிக்கொண்டு போனாராம். சபை கைதட்டும். அவருடைய மனைவி முன்வரிசையில் மடியில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு இருப்பா. ஒருநாள் விழா முடிந்து வடையும் தேத்தண்ணீரும் கொடுக்கிற இடத்தில் நான் அவவிடம், உங்களுக்கும் கஷ்டமான நடை என்ன மாமி என்று கேட்டேன். கரியரில் கொப்பி இருந்தபடியால் அரிசி மூட்டையைத் தான் தலையில் வைத்துச் சுமந்ததாகவும், மகள் அன்றைக்குக் காய்ச்சலோடு நடந்ததாகவும் சொன்னா. சொல்லிவிட்டு வடையைக் கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தா. அந்த மனிசிக்காக நான் அவரைக் கொஞ்சம் கூடுதலாக வெறுத்தேன்.

சரி, நான் அவரை வெறுக்கத் தொடங்கிய கதைக்கு வருகிறேன். இதுவரைக்கும் சொன்னது சிரிப்பு.

எங்கள் ஊருக்கும் ஒரு வரலாறு எழுத வந்தது. செலவைப் பொறுத்தவர் பிரான்சிலிருந்து வந்த ஒருவர். எங்கள் ஊர்க்காரர்தான், இளம் வயதில் போனவர். கோயிற் காணிகளில் பூவரசடி வளவு என்று ஒன்று. அதற்குத் தெற்கே அவருடைய தகப்பனின் காணி. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை கடற்கரைக்கு இறங்குகிறது. என் அண்ணை உட்பட ஒன்பது வீட்டுச் சனம் அந்த ஒழுங்கையால்தான் தொழிலுக்குப் போகிறது. விடியப்புறம் எஞ்சினைத் தோளில் வைத்து, வலையைச் சுமந்து இறங்கினால் வள்ளம். திரும்பி வந்தால் நண்டுக்கூடை ஏறுகிற வழியும் அதுதான். எங்கள் அப்பா காலத்திலும் அதுதான், அதற்கு முன்னாலும் அதுதான். ஆர் அதையெல்லாம் எழுதிவைத்தார்கள்?

எழுதித்தான் வைத்திருந்தார்கள். தோம்பர்தான் எனக்கு வாசித்தார். பூவரசடி வளவுக்கு வந்ததும் குரலை உயர்த்தி, பிரசங்கம்போல வாசித்தார். வடக்கு, கிழக்கு, மேற்கு எல்லைகள் முடிந்து, “தெற்கெல்லை கரைக்குப் போகிற ஒழுங்கை. இவ்வொழுங்கை வலைகாரர் வள்ளமும் வலையும் கொண்டுபோகிறதற்கு விடப்பட்டது. எக்காலமும் ஒருவரும் இதை அடைக்கப்படாது.” எனக்கு மெய்சிலிர்த்துப்போனது. இது எங்கடை ஒழுங்கையல்லோ ஐயா என்றேன். ஓம், உங்கடை ஆக்களின்ரை ஒழுங்கைதான் என்றார். அவருக்கும் சந்தோஷம். நான் அடித்தேன்.

இரண்டு கிழமை கழித்து வந்தார், தேத்தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஸ்ரூலை இழுத்து உட்கார்ந்து, பூவரசடி வளவை எடுக்கச் சொன்னார். தெற்கெல்லையில் பென்சிலால் தொட்டு, “உந்த வரியை எடுத்து விடும்” என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

“எல்லையள் வாசிக்கிற சனத்துக்கு அலுப்பு, பிள்ளை. காணியின்ரை பேரும் குடுத்தவரின்ரை பேரும் இருந்தால் காணும்.”

மற்றக் காணிகளின் எல்லைகளையும் அவர் எடுக்கச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு சந்தேகமும் வந்திராது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தன. எனக்கு அன்றைக்கு மூளை வேலை செய்யவில்லை. வெளியே இரண்டு பேர் கலியாண அட்டைக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் அந்த வரியைக் கறுப்பாக்கி, ஒரு தட்டுத் தட்டி அழித்துவிட்டேன். அழித்தது என் கைதான். இதை நான் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியிருக்கிறேன்.

புத்தகம் வெளிவந்து இரண்டு மாதத்தில் பிரான்ஸ்காரர் ஒழுங்கைக்குக் குறுக்கே மதிலுக்கு அத்திவாரம் வெட்டினார். வெளிநாட்டுச் சனம் வந்து தங்குவதற்குக் கடலைப் பார்த்தபடி ஒரு விடுதி கட்டப்போகிறாராம். பழைய உறுதிப் பத்திரம் தொலைந்துபோனதென்று புதிதாக எழுதுவித்த உறுதியில் அவருடைய காணிக்கு வடக்கெல்லை கோயிற்காணி. நடுவில் ஒழுங்கையே இல்லை. ஆதாரத்துக்குக் கோயில் புத்தகத்தைப் பாருங்கோ என்று எங்கள் சனத்திடம் நீட்டினார். கோயில் புத்தகம்! நான் அடித்த புத்தகம்.

விசயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில். சபையார் மூன்று பேர் மேசைக்குப் பின்னால். நல்ல மனிதர்கள், காலை முழுவதும் கோழிச் சண்டையும் வேலிச் சண்டையும் கேட்டுக் களைத்திருந்தார்கள். பழைய பதிவில் என்ன இருக்கிறதென்று சொல்லத் தோம்பரைக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணை ஒரு நம்பிக்கையோடுதான் இருந்தது. படிச்ச மனிசன், பொய் சொல்லமாட்டார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது.

தோம்பர் வெள்ளை வேட்டி கட்டி வந்தார். கொப்பியைக் கொண்டுவரவில்லை. பழைய தாள், வெளியில் எடுத்தால் உதிர்ந்துபோகுமாம். சபையார் கேட்டதற்கு, பூவரசடி வளவின் தெற்கெல்லை இருக்கிற இடம் மை மங்கி, வாசிக்க ஏலாமல் போய்விட்டது என்றார். கண்ணை இமைக்கவில்லை.

நான் எழும்பிவிட்டேன். “ஐயா, நீங்கள்தானே எனக்கு வாசிச்சனீங்கள். நான் அடிச்சனான். ஒருவரும் அடைக்கப்படாது எண்டு இருந்தது.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சபையாரைப் பார்த்துச் சிரித்தார். “பிள்ளை ரைப் அடிக்கிற ஆள். நாளுக்கு நூறு காணி உறுதி, நூறு நோட்டீஸ் அடிக்கிறது. ஒண்டிலை கண்டதை இன்னொண்டிலை கண்டமெண்டு நினைக்கிறது அவைக்கு வழமை.”

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. பத்து வருஷம் என்ரை தேத்தண்ணியைக் குடித்த மனிசன்! சபையார் இரு பகுதியும் இணங்கவில்லை என்று எழுதி, வேண்டுமென்றால் கோட்டுக்குப் போகலாம் என்று கடிதம் கொடுத்தார்கள். எதைக் கொண்டு போவது? பாதர் கொப்பியைக் கேட்டு இரண்டு தரம் கடிதம் எழுதினார். அட்டவணை முடியவில்லை என்று பதில் வந்தது. மதில் எழும்பியது.

அண்ணைதான் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தது. மச்சாள்மார் நின்ற வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது, “நீ ஏன் மச்சாள்மாருக்கு முன்னாலை உப்பிடி அழுகிறாய்? விடு” என்றது. அன்றிலிருந்து ஒன்பது வீடும் பெருந்தெருவைச் சுற்றித்தான் கரைக்குப் போனது. எஞ்சினைத் தோளில் வைத்து அரைக்கட்டைத் தூரம் நடந்து பாருங்கள் தெரியும். முதல் வருஷமே மூன்று வீடு தொழிலை விட்டுவிட்டது. ஒருவன் முச்சக்கரவண்டி ஓட்டப் போனான். அண்ணைக்கு இடுப்புப் பிடித்தது, ஆனாலும் விடவில்லை.

தோம்பர் அதன் பிறகும் அச்சகத்துக்கு வந்தார். மானமுள்ளவன் வருவானா? வந்தார். நான் முதலாளியிடம் சொல்லி அவருடைய வேலையை மற்றப் பிள்ளைக்கு மாற்றுவித்தேன். அவர் என்னைக் கடந்து போகும்போது, என்ன பிள்ளை சுகமே என்று கேட்பார். நான் திரையைப் பார்ப்பேன். ஒருநாள் சாயம் வழிந்து சட்டைக் கழுத்தில் பட்டிருந்தது. கிழடு தட்டிவிட்டது என்று நினைத்தேன், இரக்கம் வரவில்லை. வந்ததாக எழுதினால் அது அவருடைய வேலையை நான் செய்வதாகும்.

போன வருஷம் நித்திரையிலேயே போனார். நல்ல சாவு. சிலருக்கு அமைந்துவிடுகிறது.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டுமே, இந்த ஊரில் அது இல்லாமல் செத்தவன் செத்ததாகக் கணக்கில்லை. மகள் சாவகச்சேரியிலிருந்து வந்தா. முதலாளி என்னிடம்தான் விட்டார். உண்மையின் காவலன், வரலாற்றின் வாய் என்று ஆளுக்கொரு கட்டுரை. எல்லாவற்றையும் அடித்தேன், ஓர் எழுத்துப் பிழையில்லாமல் அடித்தேன். அட்டைக்குப் படம் எடுக்கவென்று மகள் ஒரு பையை மேசையில் வைத்தா. அதற்குள், பழைய வெள்ளைச் சேட்டு ஒன்றில் சுற்றியபடி, கொப்பி. அப்பா இதை ஒருவரிடமும் கொடுக்கவேண்டாம் என்றுதான் சொன்னவர், ஆனால் கோயில் சாமான் வீட்டில் இருக்கக்கூடாது, படம் எடுத்ததும் பாதரிடம் கொடுக்கப்போகிறேன் என்றா. தாயின் பிள்ளை.

அவ படங்களைத் தெரிவுசெய்துகொண்டிருந்தா. நான் பூவரசடி வளவைத் தேடினேன். பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கிழித்திருப்பார் என்று நினைத்தேன். அல்லது தண்ணீர் தொட்டு அழித்திருப்பார்.

ஒன்றும் செய்யவில்லை. சுவாமியாரின் மை நேற்று எழுதியதுபோல் இருந்தது. எக்காலமும் ஒருவரும் இதை அடைக்கப்படாது. அதற்குக் கீழே ஓரத்தில், பென்சிலால், தோம்பரின் சின்னக் கிளார்க் எழுத்து: இன்று இவ்வழியைப் பாவிப்போர். ஒன்பது பெயர்கள். முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. நாலாவது என் அண்ணை. யாரையோ விசாரித்து, வீடு வீடாகத் தெரிந்து எழுதியிருக்கிறார். கச்சேரிப் பழக்கம், கீழே திகதியும் போட்டிருந்தார். மத்தியஸ்த சபைக்கு முதல் நாள்.

முதல் நாள்! போய்ப் பார்த்து, பெயர்களை ஒழுங்காக எழுதிவைத்துவிட்டு, மறுநாள் காலையில் வேட்டியை உடுத்திக்கொண்டு வந்து மை மங்கிப்போச்சு என்றிருக்கிறார். என்ன பிறவியோ! அந்த ஒன்பது பேரையும் மண்டபத்தில் முகத்துக்கு முகம் பார்த்தபோது பெயர் பெயராகத் தெரிந்திருக்கிறது இந்த மனிதருக்கு. தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். நான் இருந்த கதிரையிலேயே வாய்விட்டு, சீ என்றேன். மகள் நிமிர்ந்து பார்த்தா.

அவவிடம் கேட்டேன். பின்னட்டை வெறுமையாக இருக்கிறது, அப்பா பாதுகாத்த கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தைப் படமாகப் போடுவோமா என்று. அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. “போடுங்கோ அக்கா. அப்பா சந்தோஷப்படுவார்.”

பட்டிருக்க மாட்டார். ஆனாலும் போட்டேன். மை, பென்சில், திகதி எல்லாம் துலங்கும்படி பக்கம் முழுவதையும். மேலே, அன்னார் காத்துத் தந்த பதிவு என்று ஒரு தலைப்பு. அவருடைய புத்தகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து ஒன்றும் விடாமல் அச்சான பக்கம் அது ஒன்றுதான்.

மலர் ஊர் முழுக்கப் போனது. இங்கே போனால் பிரான்சுக்கும் போகும், அதுவும் வீடு வீடாக. ஐந்தாம் நாள் அச்சகத்துக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. யார் இந்தப் பக்கத்தைப் போட்டது என்று பிரான்ஸ்காரர் கத்தினார்.

“அவர்தான்” என்றேன். “அவரின்ரை கையெழுத்துத்தானே. வடிவாப் பாருங்கோ.”

போனை வைத்துவிட்டார். பாதர் கொப்பியோடு சட்டத்தரணியிடம் போவதற்கு முன்னமே பிரான்ஸ்காரரின் ஆட்களே மதிலில் ஒரு வள்ளம் போகிற அகலத்துக்கு உடைத்துவிட்டார்கள். மனம் மாறி அல்ல, பாரிசில் கோயிலுக்குப் போனால் அவரைச் சனம் கேட்கிறதாம். ஆறு வீடு மறுபடி அந்த ஒழுங்கையால் இறங்குகிறது. தொழிலை விட்ட மூன்று வீடும் திரும்பி வரவில்லை.

கார்த்திகையில் மரித்தோர் திருநாளுக்கு, அயலூருக்கும் பொதுவான எங்கள் சேமக்காலைக்குப் போனோம். அப்பா அம்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி முடிந்து பார்த்தால் அண்ணையைக் காணவில்லை. தோம்பரின் கல்லறைக்கு முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காற்றுக்குக் கையால் மறைத்து, ஒரு திரியை நட்டுக்கொண்டு நின்றது. எனக்கு வந்த கோபத்தில் சேமக்காலை என்றும் பார்க்கவில்லை. உமக்கு விசரே என்று கேட்டேன்.

“எங்கடை பேரை ஆரடி இதுக்கு முன்னம் ஒரு கொப்பியிலை எழுதினது?” என்றது அண்ணை. “அப்பான்ரை பேரையும் சேர்த்தெல்லே எழுதியிருக்கிறார்.”

என்னிடம் இன்னும் இரண்டு மெழுகுதிரி மிச்சம் இருந்தது. அண்ணை நீட்டிய கையைப் பார்த்தேன். கொடுக்கவில்லை. எழுதத் தெரிந்த மனிசனுக்கு வாயும் இருந்தது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சைக்கிளடியில் நின்றேன்.